யார் அந்த ஆதித்யா?

தொரப்பள்ளி என்றால் எல்லாருக்கும் ராஜாஜிதான் ஞாபகத்துக்கு வருவார். 1878 டிசம்பர் 10-ம் தேதி அவர் பிறந்த ஊர். பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். ஓசூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்குத் தெரியும்... வரிசையாக உள்ளே போய், போட்டோக்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஐஸ் சாப்பிடுவதுதான் அந்த டூர். ஆனால் இந்தப் பதிவு அவரைப் பற்றி இல்லை. அதே ஊரில் காதல் கதை எழுதும் ஒரு அக்காவைப் பற்றி. ஆள் பெயரும் வேண்டாம், புனைபெயரும் வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் போய்த் தேடுவீர்கள்!

அக்காவுக்கு வயது முப்பத்துநாலு. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடியற்காலை ஐந்தேகாலுக்கு ரோட்டு முனையில் கம்பெனி பஸ் நிற்கும். அதற்குள் டிபன், மதியச் சாப்பாடு இரண்டும் ரெடியாக வேண்டும். எட்டரைக்குப் பிள்ளைகள் இரண்டும் ஸ்கூலுக்கு. ஒன்பதரைக்கு மாமியாருக்கு ராகிக்களி. பத்து மணிக்கு அக்கா தன் ஆபீசுக்குப் போவார். ஆபீஸ் வேறெங்கும் இல்லை, சமையல்கட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

அக்கா எழுதுவதில்லை, சொல்கிறார். அந்தப் பகுதியில் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் ஏராளம். அக்கா வீட்டிலும் தெலுங்குதான், படித்ததும் தெலுங்கு மீடியம். தமிழ் சரளமாகப் பேசுவார், நாவல்களாகப் படித்துத் தள்ளுவார், ஆனால் டைப் அடிக்க உட்கார்ந்தால் ஒரு பாராவுக்கு ஒரு மணி நேரம். அதனால் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதையைச் சொல்லச் சொல்ல, போன் எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது. குக்கர் விசில் அடித்தால் ஒரு வரி போச்சு. மூன்று முறை சொன்னாலும் "முத்தம்" என்ற சொல் மட்டும் அந்தப் போனுக்குப் பிடிபடாது. "அவன் அவள் நெற்றியில் மொத்தம் வைத்தான்" என்றுதான் விழும். பி.காம் படிக்கிறவர்கள் கவனிக்க!

கதை போகும் இடம் பிரதிலிபி. 2014-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி, ஓசூர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்தான். வாரம் மூன்று அத்தியாயம். வாசகர்கள் அதை "யூடி" என்பார்கள், அப்டேட்டின் சுருக்கம். சொன்ன நாளில் யூடி வராவிட்டால் எங்கெங்கோ இருக்கும் பெண்கள் எல்லாம் உரிமையோடு திட்டுவார்கள்.

அக்காவின் ஹீரோக்கள் யாரும் ஷிஃப்டுக்குப் போவதில்லை. எல்லோருக்கும் ஊட்டியில் எஸ்டேட் அல்லது சென்னையில் கம்பெனி, தவறாமல் கோபம் வரும், தவறாமல் பாட்டி ஒருத்தி இருப்பாள். ஒரே ஒரு தடவை சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டராக இருக்கும் ஒருவனை ஹீரோவாக்கி எழுதிப் பார்த்தார். அவர் கதைகளிலேயே குறைவாகப் படிக்கப்பட்டது அதுதான். உண்மையில் நல்ல கதையும் அதுதான். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற கணவனும் டே ஷிஃப்டுக்குப் போகிற மனைவியும் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். படிக்கிறவர்களில் பலர் அதே பஸ்ஸில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். அவர்களுக்குப் போனிலும் அதே பஸ் எதற்கு?

ரோஜா விஷயத்தில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்க மாட்டார். ஓசூர் ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்குப் போவது தெரிந்திருக்கும். தெருவில் உள்ள பெண்கள் சிலர் பசுமைக் குடிலுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமானால் டிசம்பரிலேயே கவாத்து செய்துவிட வேண்டும், காம்பின் நீளத்தை அளந்து தரம் பிரிப்பார்கள், சிவப்பில் தாஜ்மஹால் ரகம்தான் ராஜா... இதையெல்லாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கதையில் வைப்பார். மற்றவர்கள் கதையில் ஹீரோ "ஒரு சிவப்பு ரோஜா" கொடுப்பான். அக்கா கதையில் அறுபது சென்டிமீட்டர் காம்புள்ள தாஜ்மஹால் கொடுப்பான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாமியார் காதில் அந்த வசனம் விழுகிற வரை.

"நீங்க இல்லாம என்னால ஒரு நாள்கூட இருக்க முடியாது ஆதித்யா..." துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தணிந்த குரலில், போனைப் பார்த்து. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே வரி. (போன் தப்பாக எழுதியதால் இரண்டாவது தடவை.) அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் நன்றாகப் புரியும். "எவரம்மா ஆ ஆதித்யா?" என்று கேட்டார். யாரம்மா அந்த ஆதித்யா?

இதைச் சிரிப்பாகச் சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. இரவு வீட்டுக்காரர் வந்ததும் விசாரணை. அக்கா போனைத் திறந்து எல்லாவற்றையும் காட்ட வேண்டியதாயிற்று. மூன்று வருடம், ஆறு கதைகள், புனைபெயர், வாசகிகள் எழுதிய பாராட்டு எல்லாம். அவர் திட்டவில்லை. நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாசம் எவ்வளவு வருது?"

அந்த மாதம் வந்தது 1,840 ரூபாய். சொன்னார். "ம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். அந்த "ம்"-க்குப் பிறகு அக்கா மூன்று வாரம் எதுவும் சொல்லவில்லை, கதையில். வீட்டில் அத்தை என்று கூப்பிட்டு சாப்பாடு போடுவதைத் தவிர அதிகம் பேசவும் இல்லை.

இந்த இடத்தில் நூறு வருடம் பின்னால் போய் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். வை.மு.கோதைநாயகி அம்மாளின் வீடு.

1901-ல் பிறந்தவர். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம், மாப்பிள்ளை வை.மு.பார்த்தசாரதிக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் போனதே இல்லை. புகுந்த வீட்டில்தான் திருவாய்மொழியும் தெலுங்கும் படித்தார். கணவர் நாடகப் பிரியர், மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். பார்த்த நாடகங்களும் கேட்ட கதைகளும் சேர்ந்து, வீட்டில் இருந்த குழந்தைகளுக்கு இவரே கதை கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். கேட்க ஆள் சேர்ந்தது. அப்புறம் நாடகம் எழுதும் ஆசை வந்தது. ஆனால் தமிழ் எழுத வராதே?

தோழி பட்டம்மாள் எழுதிக்கொள்ள, கோதைநாயகி வாயால் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் "இந்திர மோகனா" நாடகம், 1924-ல் அச்சேறியது. அதற்குப் பிறகுதான் அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார். முதல் புத்தகம் வந்த பிறகு எழுதப் படித்த எழுத்தாளர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்! தொரப்பள்ளி அக்காவின் போன் செய்கிற வேலையைத்தான் பட்டம்மாள் செய்தார். "முத்தம்" சரியாக எழுதியிருப்பார் என்பது மட்டும் வித்தியாசம்.

அடுத்து "வைதேகி" நாவல். 1925-ல், தள்ளாடிக்கொண்டிருந்த "ஜகன்மோகினி" என்ற பத்திரிகையை வாங்கி அவரே ஆசிரியரானார். ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் நடத்தினார், பிறகு சொந்த அச்சகமும் வந்தது. மொத்தம் 115 நாவல்கள். காதல், கல்யாணம், வரதட்சணை, விதவையின் வாழ்க்கை, நடுவே கொஞ்சம் துப்பறிதல். வீட்டுக்குள் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். குடும்பப் பெண் நாவல் எழுதுவதாவது என்று வெளியே ஏச்சுக்கும் குறைவில்லை.

பெரிய இலக்கிய விமர்சகர்கள் அந்த 115-ஐயும் தராசில் வைத்து, "ஜனரஞ்சகம்" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார்கள். நியாயமாகவே இருக்கலாம். இன்றைக்கு எடுத்துப் படித்தால் நடை பழசாகத்தான் இருக்கிறது. ஆனால் விமர்சகர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று, அவை எங்கே எந்த நேரத்தில் எழுதப்பட்டன என்பது. கூட்டுக் குடும்பம், வருகிற போகிறவர்கள், பத்திரிகை வேலை, இடையில் சங்கீதம். நன்றாகப் பாடுவார், டி.கே.பட்டம்மாளை மேடையேறிப் பாட ஊக்குவித்தவர்களில் இவரும் ஒருவர்.

1925-ல் காந்தியைச் சந்தித்த பிறகு பட்டும் நகையும் போய் கதர் வந்தது. காங்கிரஸ் மேடைகளில் பேசப் போனார். நம் தொரப்பள்ளிக்காரர் ராஜாஜி தலைவராக இருந்த அதே இயக்கம்தான். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், சிறை. சிறையிலும் எழுதினார். வெளியே ஜகன்மோகினியைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? கணவர் பார்த்தசாரதி. அந்தக் காலத்தில், மனைவி ஜெயிலில் இருக்க, மனைவியின் பத்திரிகையை நடத்திக்கொடுத்த புருஷன்! கோதைநாயகியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவருக்கே ஒரு தனிப்பதிவு போடலாம்.

1956-ல் ஒரே மகன் இறந்தார். அந்த அடிக்குப் பிறகு உடம்பு தேறவில்லை, காசநோய் வந்தது. 1960 பிப்ரவரி 20-ல் தாம்பரம் சானடோரியத்தில் காலமானார். ஆறு வருடம் கழித்து, அவருடைய "தயாநிதி" நாவலை வைத்து கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் "சித்தி" படம் எடுத்தார். பத்மினி, எம்.ஆர்.ராதா நடித்தது. டிவியில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள், கதை யாருடையது என்று கவனித்திருக்க மாட்டீர்கள்.

இப்போது அந்த 1,840 ரூபாய்க்கு வருவோம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் "நோஷனல் ரென்ட்" என்று ஒன்று வரும். முதலாளி தன் சொந்தக் கட்டடத்தில் தொழில் செய்தால், வாடகையே கொடுக்காவிட்டாலும், கொடுத்தது போல ஒரு தொகையைச் செலவில் எழுதலாம். கட்டடத்துக்கே இவ்வளவு மரியாதை! 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. அதைச் செய்து முடித்து, மீதியில் திருடிய முக்கால் மணி நேரத்தில் வந்த பணம் அந்த 1,840. "எவ்வளவு வருது" என்பது தப்பான கேள்வி இல்லை. அவரும் ஓவர்டைம் பார்த்துத்தான் ஸ்கூல் பீஸ் கட்டுகிறார். அந்தக் கேள்விக்கு அப்புறம் இன்னொரு கேள்வி இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டது வீட்டுக்காரர் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, களியைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே மாமியார் கேட்டார். அந்த ஆதித்யா அப்புறம் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டானா, இல்லையா?

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. வீட்டில் ரகளை நடந்த அன்று, ஆதாரம் காட்டுவதற்காக நாலு அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருந்தார். அந்த அம்மா அதை மறக்கவில்லை. "இன்னும் இல்லை அத்தை" என்றார். "ஏன்?" "அவனுக்குக் கோபம்." "எதற்கு?" எதற்கென்று அக்காவே முடிவு செய்திருக்கவில்லை. கல்லில் உட்கார்ந்து தெலுங்கில் சொல்லிப் பார்த்தார். மாமியாருக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. இதற்கெல்லாமா ஒருவன் கோபித்துக்கொள்வான் என்றார். வேறொன்று சொன்னார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது காரணத்துக்குத் தலையாட்டினார். அன்றைக்குச் சாதம் கொஞ்சம் குழைந்துபோனது.

வீட்டுக்காரர் இன்று வரை ஒரு அத்தியாயம்கூடப் படித்ததில்லை. ஆனால் சென்ற மாதம் கம்பெனி கேன்டீனில் இருந்து ஒரு ஹெட்செட் வாங்கி வந்திருக்கிறார், யாரோ பாதி விலைக்கு விற்றார்களாம். எதற்கு என்று சொல்லவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மைக் நன்றாகத்தான் வேலை செய்கிறது, விசில் சத்தம் உள்ளே வருவதில்லை. மூன்று வாரம் தவறிப்போன யூடி ஒருவழியாக வந்தபோது, ஆதித்யா கோபம் தணிந்து, அவள் நெற்றியில் மொத்தம் வைத்தான். அவசரத்தில் அக்கா கவனிக்கவில்லை.

கீழே முதலில் வந்த கமெண்ட்: "மொத்தம் எவ்வளவு சிஸ்?"