காபி மிஷினில் கோதுமை அரைத்த அம்மா

மெக்கானிக்கல் படிக்கிறவன் மலரில் ஓர் அமெரிக்கக் கிழவியைப் பற்றி எழுதுவானா என்று கேட்காதீர்கள் நண்பர்களே. கரோலின் இங்கல்ஸ் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1839-ல் விஸ்கான்சினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை ஏரியில் மூழ்கிய கப்பல் கொண்டுபோய்விட்டது. டீச்சர் வேலை பார்த்தவர், 1860-ல் சார்லஸைக் கட்டிக்கொண்டார். அந்த மனுஷனுக்கோ ஓரிடத்தில் கால் தரிக்காது! கான்சாஸ், மினசோட்டா, அயோவா, டகோட்டா என்று கூண்டு வண்டியிலேயே பாதி வாழ்க்கை. மினசோட்டாவில் விளைந்த கோதுமையை வெட்டுக்கிளி தின்றது. 1876-ல் ஒன்பது மாத ஆண்குழந்தை போனது. 1879-ல் மூத்தவள் மேரிக்குக் கண் போனது.

ஆனாலும் சபையை விடவில்லை. வால்நட் குரோவில் 1874-லும், டி ஸ்மெட்டில் 1880-லும் சபை தொடங்கியபோது முதல் உறுப்பினர்களில் இவரும் உண்டு.

1880-81 குளிரில் ரயில் மாதக்கணக்கில் வரவில்லை. கரி இல்லை, மாவு இல்லை. காய்ந்த புல்லை முறுக்கி அடுப்பெரித்தார்கள். காபிக்கொட்டை அரைக்கிற கை மிஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் ஃபைல் தேய்க்கவே சலித்துக்கொள்கிற நாம் அந்தப் பிடியைச் சுற்றிப் பார்க்கணும்!

‘இனி நகர முடியாது, பிள்ளைங்க படிக்கணும்’ என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். மேரி அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரியில் படித்து 1889-ல் முடித்தாள். 1902-ல் கணவர் இறந்தபின் மேரியோடு அதே ஊரில் ஏறக்குறைய 22 வருஷம். 1924-ல் கண்மூடியபோது வயது 84.

இன்னொரு மகள் லாரா எழுதிய நாவல்களால்தான் உலகத்துக்கு இவரைத் தெரியும். முதல் புத்தகம் வந்தது 1932-ல். அம்மா அதைப் பார்க்கவில்லை. செத்துப்போன அந்தத் தம்பிப் பையன் நாவல்களில் வரவே இல்லை.