கையில் ஏன் எப்போதும் தண்ணீர் பாட்டில்?



"டீச்சர், கல்யாண வீட்டுக்கும் தண்ணீர் பாட்டிலோட வாறீங்களே, சுகரா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். சுகர் இல்லை. 3 வருடங்களுக்கு முன் தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, ரேடியோ அயோடின் எடுத்தேன். நோய் இன்றுவரை திரும்பவில்லை. வாய்தான் காய்ந்துவிட்டது. இப்போது நம் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு இதே சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். "அத்தைக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிரும், வேண்டாம்" என்கிறாளாம். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் அரை ஆயுட்காலம் நடத்தியது நினைவிருக்கிறதா? அயோடின்-131க்கு அது சுமார் 8 நாள். 1940களிலிருந்தே இது மருந்தாகப் பயன்படுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய தைராய்டு செல்கள் இந்த அயோடினை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன கதிர்வீச்சு அவற்றை அழிக்கும். ஆனால் அயோடினை இழுக்கும் அதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உண்டு. அதனால் அங்கும் கொஞ்சம் சேர்கிறது. காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பிதான் அதிகம் அடிபடும். பொன்னுக்கு வீங்கியில் வீங்குகிற அதே சுரப்பி.

எனக்கு மூன்றாம் மாதம் தொடங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் கன்னம் வீங்கி வலிக்கும், சற்று நேரத்தில் வடியும். சுரப்பியின் குழாய் சுருங்கி உமிழ்நீர் தேங்குவதுதான் காரணம். பக்கத்து வீட்டு ஆச்சி, "பொன்னுக்கு வீங்கிதான், இதைப் போட்டுக்கோ" என்று தன் சங்கிலியையே கழற்றிக் கொடுத்தார்! சில மாதங்கள் குழம்பில் உப்பே தெரியவில்லை. இன்றும் முறுக்கு தின்றால் கூடவே தண்ணீர் வேண்டும். மணிக்கணக்காகப் பாடம் நடத்திய வாய், இப்போது பேரனுக்கு ஒரு கதை சொல்லி முடிக்க நாலு மடக்கு கேட்கிறது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அளவு கூடக்கூடத்தான் வாய்ப்பும் கூடும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும்.

நான் கற்றுக்கொண்டவை:

1. சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஃப்ளோரைடு பேஸ்ட் நல்லது.

2. மருந்து எடுத்த நாட்களில் டாக்டர் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

3. புளியங்குடி எலுமிச்சைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். ஆனாலும் மருந்து எடுத்த உடனே புளிப்பு மிட்டாய் சப்ப வேண்டாம். ஜப்பானில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மணி நேரத்திலேயே சப்பியவர்களைவிட 24 மணி நேரம் கழித்துத் தொடங்கியவர்களுக்குப் பாதிப்பு குறைவு. உங்கள் டாக்டர் சொல்லும் நேரத்தில் தொடங்குங்கள்.

4. கன்னம் வீங்கினால் காதுப் பக்கமிருந்து வாயை நோக்கி மெதுவாக நீவிவிடலாம். காய்ச்சலோ சீழோ இருந்தால் உடனே காட்டுங்கள். சளி மாத்திரைகள் சில வாயை இன்னும் உலர்த்தும்; கேட்டுச் சாப்பிடுங்கள். தீராத வீக்கத்துக்குக் குழாய்க்குள் மெல்லிய கேமரா விட்டுக் கழுவும் சிகிச்சையும் வந்துவிட்டது.

மகளே, இதை நீ படிப்பாய் என்று தெரியும். சிலருக்கு ரேடியோ அயோடினே தேவைப்படாது. எனக்குத் தேவையா, எவ்வளவு அளவு, குறைத்துக் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் நேராகக் கேள். தேவை என்று அவர் சொன்னால், என் வாயைப் பார்த்துப் பயந்து மறுக்காதே. காய்ந்த வாய்க்குத் தண்ணீர் இருக்கிறது. பரவிய நோய்க்கு அவ்வளவு சுலபமான பதில் இல்லை. போகும் நாளைச் சொல், துணைக்கு நானும் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், ஆலங்குளம்