குசைத்தலை ஆற்றங்கரையிலிருந்து

திருவொற்றியூர்,
ஆடி, இரண்டாம் வெள்ளி.

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அரசன் சாகிறான், அரியணைக்கு ஆள் இல்லை, பனிமலையிலிருந்து பேய்ப்படை இறங்குகிறது. கோட்டைக் கதவு திறக்கிற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நன்றாக எழுதுகிறாய். ஆனாலும் ஒன்று மனதில் உறுத்துகிறது. உன் பேய்கள் எதற்காக வருகின்றன? கெட்டவை, அதனால் வருகின்றன என்று விட்டுவிட்டாய். அவற்றுக்குப் பசியே இல்லையே ராசா.

நம்மிடம் இந்தக் கதை 900 வருஷத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. கலிங்கத்துப்பரணி. நீ பள்ளிக்கூடத்தில் நாலு வரி மனப்பாடம் செய்து மறந்திருப்பாய். பரணி என்றால் போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குப் பாடுவது. செயங்கொண்டார் பாடியது முதலாம் குலோத்துங்கனுக்கு. கப்பம் கட்டத் தவறிய கலிங்க அரசன் அனந்தவர்மன் மேல் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் படை போகிறது. அதுதான் கதை. ஆனால் புலவர் கதையைத் தொடங்குவது அரண்மனையில் இல்லை. வெந்து கிடக்கும் ஒரு காட்டில், காளி கோயிலில். அங்கே வீரன் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து தேவி கையில் கொடுக்கிறான். அறுந்த தலை அவளைத் துதிக்கிறது, தலையற்ற உடல் கும்பிட்டு நிற்கிறது. அவளைச் சுற்றிலும் பேய்கள், பலவும் ஊனத்தோடு, எலும்பும் தோலுமாக. நாட்டில் போர் இல்லாததால் அவை பட்டினி. காளியிடம் முறையிடுகின்றன. நன்றாக யோசித்துப் பார்: நாம் அமைதி என்று சொல்கிற காலம் அவற்றுக்குப் பஞ்ச காலம்.

உனக்குப் பனிமலைதான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. காளிக்குப் பயந்து இமயத்துக்கு ஓடிய ஒரு கிழப்பேய் அங்கே மாயவித்தை கற்றுத் திரும்பி வருகிறது. வெட்டுண்ட யானைத் தும்பிக்கைகளையும் தலைகளையும் குருதி ஆற்றையும் வெறும் கையில் வரவழைத்துக் காட்டுகிறது. பசித்த பேய்கள் அதைத் தின்னப் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. வாயில் ஒன்றுமே சிக்கவில்லை. இந்த வித்தையை நிறுத்தச் சொல் தாயே என்று அழுகின்றன. இல்லாத சோற்றைக் காட்டுவதை விடக் கொடுமை உண்டா, சொல்.

அரசியல் குழப்பமும் உண்டு. வீரராஜேந்திரன் இறந்து, மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்த சில மாதத்திலேயே போய்விட, 1070-இல் வேங்கிநாட்டுச் சளுக்கிய இளவரசன் சோழ அரியணை ஏறுகிறான். அவன் தாய் அம்மங்கை, ராஜேந்திர சோழன் மகள். அவன்தான் குலோத்துங்கன், பிற்பாடு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் எடுத்தவன். இடையில் நாடு முறைகெட்டுக் கிடந்ததாகவும் இவன் வந்து நிமிர்த்தியதாகவும் பரணி சொல்கிறது. அரசன் தரப்புப் புலவர் அப்படித்தானே சொல்ல முடியும்.

காஞ்சியிலிருந்து கலிங்கத்துக்குப் புறப்பட்ட படை கடந்த ஆறுகளை அவர் வரிசையாகச் சொல்கிறார். பாலாறு, அடுத்தது குசைத்தலை. நம் கொசஸ்தலை ஆறு, தம்பி! எந்தத் துறையில் கடந்தார்களோ, அந்தத் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலோடு சேருகிறது. உன்னைச் சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு நின்றேனே, அதே இடம்.

இனி நான் சொல்ல வந்தது. போர் முடிந்ததும் பேய்கள் களத்தில் கூழ் சமைக்கின்றன. முதலில் யானைக் கொம்பால் பல் விளக்கி, குருதியில் குளிக்கின்றன. முரசுதான் உரல், தந்தம் உலக்கை. அரிசிக்குப் பதிலாக உதிர்ந்த பற்கள். உலைநீர் ரத்தம். பரிமாறும்போது பந்தி ஒழுங்கும் தப்புவதில்லை: சமணப் பேய்க்கு மயிர் இல்லாமல் வடித்து ஊற்று, குருட்டுப் பேய்க்குக் கையில் கொடு, ஊமைப் பேய், சூல்கொண்ட பேய், விருந்துக்கு வந்த பேய் என்று ஒருவரையும் விடாமல்.

இதை நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்தியது ஓர் ஆடி மாசம். வெளியே தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், மைக்செட் பாட்டு வகுப்புக்குள் கேட்கிறது. கடைசி பெஞ்சில் எண்ணூரிலிருந்து வரும் ஒரு பெண். அவள் அம்மா ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் எழுந்து கேட்டாள்: "அந்தப் பல்லெல்லாம் யாரோடது டீச்சர்?"

கலிங்க வீரர்களுடையது என்றேன். அவர்கள் பேர் என்ன என்றாள். எனக்குத் தெரியவில்லை. பாட்டில் அவர்கள் யாருக்கும் பேர் இல்லை. கருணாகரனுக்கு இருக்கிறது, அனந்தவர்மனுக்கு இருக்கிறது. வில் நாணைப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையாட வந்த பார்ப்பனர் நாங்கள் என்று சொல்லித் தப்பியவர்களைக்கூடப் புலவர் பார்த்திருக்கிறார். செத்தவன் பல்லாக மட்டும் வருகிறான். இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒன்று மட்டும் புரிகிறது: அரசனைப் புகழ வந்த செயங்கொண்டார், அந்தப் புகழ் எதில் வெந்தது என்பதை மறைக்கவில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு இன்றும் மதிப்பு.

உன் கதையில் அந்தப் பல்லுக்கு ஒரு பேர் கொடு. ஆள் வேண்டுமா? நம் ஊர்த் தியாகராஜர் கோயில் கல்வெட்டிலேயே ஒருவர் இருக்கிறார். 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் செத்தான். அவனுக்கு நெருக்கமாயிருந்த கேரளத்து வல்லபன் அந்த நேரம் பக்கத்தில் இல்லை. கூடச் சாகவில்லையே என்ற வேதனையில் கங்கையாடித் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இங்கே ஒற்றியூர் மடத்தில் இருந்திருக்கிறார். உன் கோட்டைக் கதவைத் திறக்கிறவன் அப்படிப்பட்டவனாக இருந்தால் எப்படியிருக்கும்? நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததே, அப்போது படகும் வலையும் மனுஷர் கையும் கறுத்துப்போனதை நேரில் பார்த்தேன். ஆற்றில் சாம்பல் படிந்த இடங்களில் கால் வைத்தால் புதைகிறது. அந்தப் பெண்ணுடைய அம்மா இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. மகள் போன வாரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெண்ணும் இப்போது பிளஸ் ஒன்னாம்.

நாலாம் ஞாயிறு நம் தெருவில் கூழ். கேழ்வரகு ஊறப்போட வேண்டும், முருங்கைக்கீரைக்குச் சொல்லிவிட்டேன், கருவாட்டுக் குழம்பு உன் அம்மா வைக்கிறாள். லீவு போட்டுவிட்டு வா. காலையில் முகத்துவாரத்துக்குப் போய் வரலாம். பல்லுக்குப் பேர் கேட்டவளையும் வரச்சொல்லியிருக்கிறேன். நாலாம் அத்தியாயத்தைக் கையோடு கொண்டு வா, அவளுக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
பெரியம்மா