பெட்ஷீட் மடித்த அத்தை!

கேட்டரிங் படிக்கிற எங்களுக்கு ஒரு சோகம் உண்டு பாஸ். நாப்கினை அன்னப்பறவை மாதிரி மடிப்போம். எந்த ஜூஸுக்கு எந்த கிளாஸ்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனா, அந்த மேஜையில விருந்தாளியா உட்கார்ந்திருக்கியானு கேட்டா... ஹி...ஹி! 'சர்வர் வேலைக்கு எதுக்குடா மூணு வருஷப் படிப்பு?'னு எங்கப்பா வேற அப்பப்போ வெறுப்பேத்துவார்.

அந்தக் குறை பினாங்குல தீர்ந்தது. மலேசியாவோட அந்தத் தீவுலதான் எங்க அத்தை இருக்காங்க. செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தப்போ, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இன்ஜினீயரா இருக்கிற அத்தை மகன், ஆபீஸ்ல பரிசா கிடைச்ச ஓட்டல் வவுச்சர் ஒண்ணை நீட்டினார். 'ஒரு ராத்திரி, ரெண்டு பேர். நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்க!'

ஓட்டல் பேர் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல். ஊர்க்காரங்க சுருக்கமா 'ஈ அண்ட் ஓ'ங்கறாங்க. ஜார்ஜ்டவுன் கடலை ஒட்டி, வெள்ளை வெளேர்னு நிக்கிற பழைய கட்டடம். நான் குதிச்சேன். அத்தை மட்டும், 'வேணாம்லா... நமக்கு எதுக்குப்பா அந்த இடமெல்லாம்'னாங்க. நாப்பது வருஷமா அதே ஊர்ல இருக்காங்க. அந்த வாசலைத் தாண்டிப் போன கணக்கு ஆயிரம் இருக்கும். உள்ளே போன கணக்கு ஜீரோ!

டாக்சியில போறப்போ, ஓட்டல் வரலாறு பாடத்துல படிச்சதை எடுத்துவிட்டேன். இதைக் கட்டினது வெள்ளைக்காரங்க இல்லை அத்தை. ஈரான் நாட்டு இஸ்பஹான்லேர்ந்து பிழைக்க வந்த சார்க்கீஸ்னு அர்மீனிய அண்ணன் தம்பிங்க. 1885-ல இதை ஆரம்பிச்சாங்க. 1887-ல சிங்கப்பூர்ல ராஃபிள்ஸ், 1901-ல ரங்கூன்ல ஸ்டிராண்ட்னு அடுத்தடுத்து ஓட்டல் திறந்து கலக்கினாங்க. 1996-ல மூடி, பழுது பார்த்து, 2001-ல மறுபடி திறந்தது இந்த ஓட்டல்.

அத்தை ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. 'அப்ப முதலாளியும் நம்மள மாதிரி ஊர்விட்டு ஊர் வந்தவங்கதானா?' அதுக்கப்புறம் கைப்பையை இறுக்கிப் பிடிச்சிருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது.

ஆனாலும் அந்தப் பெரிய லாபியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றலாமானு தயங்கி நின்னாங்க. அப்பதான் ரிசப்ஷன்ல இருந்த ஒரு அக்கா, 'வாங்கம்மா, உட்காருங்க'ன்னு தமிழ்லயே கூப்பிட்டாங்க. ரெண்டே வார்த்தைதான். அத்தை முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே! ஃப்ரண்ட் ஆபீஸ் பாடத்துல விருந்தாளியை எப்படி வரவேற்கணும்னு பக்கம் பக்கமா படிச்சிருக்கேன். அதுக்கெல்லாம் அர்த்தம் அன்னிக்குத்தான் புரிஞ்சது.

சாயங்காலம் ஒரு நடை போனோம். ஓட்டல் இருக்கிற ஃபார்குவார் தெருவுலேயே 1818-ல கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச். அங்கேர்ந்து திரும்பினா, ஊதுபத்திப் புகை மூட்டத்துல சீனர்களோட கருணைத் தேவி கோயில். இன்னும் கொஞ்சம் தள்ளி 1833-ல உருவான மாரியம்மன் கோயில். அதையும் தாண்டினா, தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொய்தீன் 1801-ல தொடங்கின கப்பித்தான் கெலிங் மசூதி. நாலு சாமியும் கால் மணி நேர நடைக்குள்ள! 2008-ல இந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சது சும்மா இல்லை மக்களே.

ராத்திரி சாப்பாடு நாசி கந்தர். 'நாசி'ன்னா சோறு, 'கந்தர்'னா தோள்ல சுமக்கிற காவடித்தண்டு. ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் குழம்புன்னு தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவா சுமந்து வித்த சாப்பாடு. இன்னிக்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே க்யூவுல நிக்கிறாங்க. நாலஞ்சு குழம்பை ஒண்ணா ஊத்தித் தர்றாங்க பாருங்க... அந்த ஊரே அந்தத் தட்டுலதான் இருக்கு!

ரூமுக்குத் திரும்பினதும் அத்தை ஜன்னல் பக்கமே உட்கார்ந்துட்டாங்க. கீழே கடல். எதிர்க்கரையில பட்டர்வொர்த் விளக்குகள். 'உங்க தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தவர்டா. துறைமுகத்துல மூட்டை தூக்கினார். கப்பல் உள்ளே வர்றப்போ முதல்ல கண்ணுல பட்டது இந்த வெள்ளைக் கட்டடம்தானாம். அரண்மனைன்னு நினைச்சாராம்'னாங்க. கல்யாணம் ஆகி 1983-ல சிதம்பரம் கப்பல்ல வந்தப்போ அவங்களும் இதே கட்டடத்தைத்தான் தேடினாங்களாம். 1985-ல தீ விபத்தோட அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிஞ்சுபோச்சு. தாத்தா கடல்லேர்ந்து பார்த்த ஜன்னல் வழியா, அவர் பொண்ணு இப்ப கடலைப் பார்த்துட்டிருக்காங்க. நான் வாயே திறக்கலை.

காலையில கண் முழிச்சா, அத்தை குளிச்சு முடிச்சு பெட்ஷீட்டை மடிச்சிட்டிருக்காங்க! 'ஐயோ அத்தை, அதுக்கெல்லாம் ஆள் வருவாங்க'ன்னேன். 'வரட்டுமே. அதுவும் யாரோ பெத்த புள்ளதானே. ஒரு ரூம் வேலையாவது குறையட்டும்'னாங்க. சரின்னு நானும் மறுபக்கம் போய், பிராக்டிகல்ல கத்துக்கிட்ட மாதிரி மூலையை மடிச்சுச் சொருகினேன். கோடு போட்ட மாதிரி நின்ன மடிப்பைத் தடவிப் பார்த்து, 'இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?'னு கேட்டாங்க. அதுல கேலி இல்லை, ஆச்சரியம்.

பிரேக்ஃபாஸ்ட் முடிச்சதும் அப்பாவுக்குப் போன் போட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். 'தம்பி, உன் பையன் படிப்பு என்னன்னு நேத்துதான் பார்த்தேன். பயந்துகிட்டே வாசலுக்கு வந்த என்னை ஒரு பொண்ணு 'வாங்கம்மா'ன்னு கூப்பிட்டு உட்கார வச்சா. அதுக்குத்தான் இவன் படிக்கிறான். இனிமே சர்வர் வேலைன்னு சொல்லாதே. அப்பா மூட்டை தூக்கித்தான் நாமெல்லாம் நிமிர்ந்தோம்.'

அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னார்னு அத்தை சொல்லலை. ஆனா, ஊருக்குத் திரும்பின மறுநாளே, 'டிரெய்னிங்குக்கு கறுப்பு ஷூ வேணும்னியே, என்ன விலை?'னு கேட்டார். எங்க வீட்டுல அதுக்குப் பேர் சம்மதம்!