தனித்து ஒலித்த மறுப்பு

ஜானெட் ராங்கினைப் பற்றி முதலில் படித்தபோது நமக்கு எழுந்தது வியப்பன்று, எரிச்சலே. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பான்மீது போர் தொடுக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 388 பேர் இசைந்தனர். மறுத்தவர் அவர் ஒருவரே. பாசிசத்தை வேறெப்படி எதிர்கொள்வது? இன்றும் அவ்வாக்கு பிழையென்றே எண்ணுகிறோம்.

ஆயினும் அவரை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. மொன்டானாவில் 1880-இல் பிறந்தவர். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அவ்வுரிமை நாடு முழுமைக்கும் கிட்டுவதற்கு நான்காண்டுகள் முன்பே, 1916-இல், அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண்ணானார். 1917-இல் முதல் உலகப் போரை எதிர்த்து வாக்களித்தபோது உடன் 49 பேர் இருந்தனர். அடுத்த ஆண்டு செனட் தேர்தல் முயற்சியில் தோற்றார். 1940-இல் மீண்டும் வென்று வந்தவருக்கு, இரண்டாம் போரின்போது துணை எவருமில்லை. வாக்களித்தபின் சூழ்ந்த கூட்டத்துக்கு அஞ்சித் தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கினார். காவலர்கள் வந்து மீட்டனர். 1942-இல் அவர் போட்டியிடவில்லை.

பின்னர் காந்திய வழியை அறியப் பலமுறை இந்தியா வந்தார். 1968-இல், தம் 87ஆம் வயதில், வியட்நாம் போருக்கெதிராக ஆயிரக்கணக்கான பெண்களை வாஷிங்டனில் வழிநடத்தினார். 1973-இல் மறைந்தார்.

அவர் சரியா, தவறா என்று வழக்காடுவது எளிது. சிறு கூட்டங்களில்கூட, எல்லோரும் கையுயர்த்தும்போது மனம் ஒப்பாமலே நாமும் உயர்த்தியிருக்கிறோம். நம் எரிச்சலின் வேர் அங்கேதான் இருந்தது.