மென்குரல்

சிறு வயதில் பாடுவதில் எனக்குப் பேராவல் உண்டு. ஆயினும், "உன் குரல் கடைசி வரிசையை எட்டாது" என்று கூறி, பள்ளி இசைக்குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டனர். அன்று மூடிய வாயைப் பல்லாண்டுகள் நான் திறக்கவே இல்லை.

பின்னாளில், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகருக்குச் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை, கோப்பகபானாக் கடற்கரையை அடுத்த சிற்றரங்கு ஒன்றில் அவ்வூர்க் கலைஞர் ஐவர் பழம்பாடல்களை இசைத்தனர். ஒருவர் கிதாரை மீட்டினார். மற்றொருவர் முரசைக் கோலால் அடியாது, கம்பித் தூரிகையால் வருடினார். நரைத்த தலையுடைய அம்மையார் ஒருவர், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, அருகிருப்பாரிடம் பேசுவதுபோலப் பாடினார். நான் இருந்ததோ கடைசி வரிசை. ஒரு சுரமும் தப்பாமல் என்னை வந்தடைந்தது!

போசா நோவா என்பது அவ்விசையின் பெயர். பிரேசிலின் சாம்பாத் தாளமும், அமெரிக்க ஜாஸ் இசையின் சுரச்சேர்க்கையும் அதில் இணைந்துள்ளன. உரக்கப் பாடுவதே சிறப்பெனப் பலரும் கருதிய நாளில், 1958ஆம் ஆண்டில், ஜோபிம் இசையமைத்த பாடலொன்றை ஜுவாவ் ஜில்பெர்ட்டோ மென்குரலில் பாடிப் பதிவு செய்தார். ஒலிவாங்கி இருக்கக் கூவுவானேன் என்பதுபோல் இருந்தது அவர் பாட்டு. 1962இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலும் அம்மென்குரல் ஒலித்தது.

அன்றிரவு கடற்கரையில் தனியே நடந்தேன். என்னையறியாமல் என் வாய் ஒரு பாட்டை முணுமுணுத்தது. குரல் சிறிதாக இருந்தது பிழையன்று. பிறர் சொல் கேட்டு அதனை அடக்கியதே பிழை என்பதை அன்று உணர்ந்தேன்.