தடைசெய்யப்பட்ட குன்று

வன்னியிற் பிறந்தவர்க்கு உயரம் என்பது அரிய பொருள். கிளிநொச்சியிலே ஊரை மேலிருந்து பார்க்க விரும்பும் சிறுவன் இரணைமடுக் குளக்கட்டிற்குத்தான் போகவேண்டும். காட்டினுள்ளே பாறைக்குன்றுகள் சில உண்டெனினும் அவை ஊரோடு ஒட்டியவை அல்ல. நகரின் நடுவே ஒரு குன்று, அதில் எவரும் ஏறி உலாவலாம் என்பதைச் சிங்கப்பூரிலேதான் முதன்முதலாகக் கண்டேன். உறவினர் வீட்டிலே தங்கியிருந்த ஒரு வாரத்தில் கானிங் கோட்டைக் குன்றின்மீது மூன்றுமுறை ஏறினேன். முதன்முறை ஏறியது நிழலுக்காக. மற்றைய இருமுறையும் அதன் வரலாறு இழுத்ததனால்.

மலாய் மக்கள் இக்குன்றினைப் ‘புக்கிட் லாராங்கான்’ என்றழைத்தனர். தடைசெய்யப்பட்ட குன்று என்பது அதன் பொருள். பண்டைய அரசர்கள் அங்கு அடக்கமாகியுள்ளனர் என்ற நம்பிக்கையால் எவரும் அதில் ஏறத் துணியவில்லை. 1822 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏறிப் பார்த்த ஜோன் குரோபேட் என்ற ஸ்கொத்லாந்தியர், செங்கல் அடித்தளங்களையும், பழமரங்களையும், மட்பாண்ட ஓடுகளையும், சீன நாணயங்களையும் கண்டதாக எழுதிவைத்தார். ஆகவே மலாய் மக்களின் அச்சம் வெறுங்கதையன்று. மறந்துபோன ஒரு நகரத்தின் நினைவே அச்சமாக எஞ்சியிருந்தது எனலாம். (மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் ‘ராஜா சூலன்’ என்னும் மன்னன் தெமாசிக் வரை படையெடுத்து வருகின்றான். நம்மவர் இதனைப் படித்தவுடன் இராசேந்திர சோழனுக்கு மாலைசூட்டப் புறப்பட்டுவிடுவர். சற்றுப் பொறுத்தல் நன்று.)

அச்சமில்லாதவர்கள் வந்ததும் தடை நீங்கியது. ராபிள்ஸ் அக்குன்றின்மீதே தமக்கு இல்லம் அமைத்தார். 1822 இல் அதன் சரிவிலே தாவரத் தோட்டம் ஒன்றும் தொடங்கினார். வாசனைப் பயிர்களை நம்பித் தொடங்கிய அத்தோட்டம் 1829 இல் கைவிடப்பட்டது. மற்றொரு சரிவு 1865 வரை கிறித்தவர்களின் இடுகாடாயிற்று. 1859 இல் தேசாதிபதியின் இல்லம் இடிக்கப்பட்டு, இந்தியாவின் முதல் இராசப்பிரதிநிதியான கானிங் பிரபுவின் பெயரால் கோட்டை எழுந்தது. இக்கோட்டையைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். பகைவர் கப்பலைச் சுடுவதாயின் அதன் குண்டுகள் சொந்த நகரத்தின் தலைக்கு மேலாகவே பறந்தாகவேண்டும்! எவரையும் எதிர்த்து ஒரு போரும் செய்யாமலே, 1907 இல் அது இடித்துத் தள்ளப்பட்டது. வாயிலும் மதிற்றுண்டும் எஞ்சின.

பின்னர் நீர்த்தேக்கம் அமைப்பதற்காகக் குன்றின் உச்சியைத் தோண்டினர். அங்கு மண்வெட்டி பிடித்த கூலியாட்களின் கையிலே சாவகப் பாணியிலமைந்த பொன்னணிகள் அகப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்தவை என மதிக்கப்படும் இவ்வணிகள் இன்று சிங்கப்பூர்த் தேசிய நூதனசாலையில் உள்ளன. அறிஞர் நூறாண்டுகளாக ஐயுற்ற ஒன்றை, நீருக்காக மண்தோண்டியவர்கள் ஒருநாளில் வெளிக்கொணர்ந்தனர். குளத்தை நம்பி வாழும் ஊரவனாகிய எனக்கு இச்செய்தி மிக உவப்பாயிற்று. ஆனால் அக்கூலியாட்களின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை.

1942 பெப்ரவரி 15 ஆந் தேதி, அக்குன்றின் அடியிலுள்ள நிலவறையிலே கூடி, சப்பானியரிடம் சரணடைவதென்று பேர்சிவலும் அவர்தம் தளபதிகளும் முடிவுசெய்தனர். அம்முடிவின் விலையைக் கொடுத்தோருள், மலாயாத் தோட்டங்களிலிருந்து சீயம் புகைவண்டிப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழரும் அடங்குவர். போருக்குப் பின்னரும் படைகளே குன்றினை ஆண்டன. 1972 இல் அது மத்திய பூங்காவாயிற்று. 1981 இல் கானிங் கோட்டைப் பூங்கா என மீண்டும் பெயர்பெற்றது.

அரசுக்குப் பயன்பட்டவரை குன்று பூட்டியே இருந்தது என்பது இவ்வரலாற்றிலே தெளிவாகின்றது. பீரங்கிக்குப் பயனற்றதான பின்னரே அது மக்களுடையதாயிற்று. இதைப் பெருந்தன்மை என்று கொள்வதற்கில்லை. பூங்காவாக்கும்போது இடுகாட்டுக் கற்களைப் பெயர்த்து மதிலிலே பதித்துவிட்டனர். பெயர் ஓரிடத்தில், உடல் வேறிடத்தில். ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பழைய கல்வெட்டுப் பாறையை 1843 இல் வெடிவைத்துத் தகர்த்தது முன்னமே நிகழ்ந்த கொடுமை. எஞ்சிய துண்டின் எழுத்தை முழுமையாகப் படித்தவர் இன்றுவரை எவருமில்லை.

ஆயினும் ஒன்றை மெச்சாதிருக்க இயலவில்லை. 1984 இல் ஜோன் மிக்சிக் என்பாரின் தலைமையில் அங்கு அகழ்வு தொடங்கியது. சீனப் பீங்கானும் கண்ணாடியும் கிடைத்தன. அவற்றை எடுத்துச் சென்றதோடு நில்லாமல், அகழ்ந்த குழியையே கூரையிட்டு வழிப்போக்கர்க்குக் காட்டுகின்றனர். எந்த மண்ணின்மேல் எந்த மண் படிந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் எட்டிப் பார்க்கலாம். அந்தக் குழியின் ஓரத்திலேதான் நான் நெடுநேரம் நின்றேன்.

நின்றபோது நினைவு ஊரை நோக்கியே சென்றது. 2009 சனவரி 2 ஆந் தேதி கிளிநொச்சி படையினரின் கைக்கு வந்தது. அப்போரிலே சரிந்த பெரிய நீர்த்தாங்கி, தொலைவிலிருந்து வந்தோர் இறங்கிப் படம்பிடிக்கும் காட்சிப்பொருளாகப் பல ஆண்டுகள் வீதியோரத்திலே கிடந்தது. அருகில் அறிவிப்புப் பலகை ஒன்றும் இருந்தது. அத்தாங்கியின் நீரைக் குடித்த ஊருக்கு அதுபற்றிச் சொல்வதற்கு வேறு செய்திகள் இருந்தன. அவற்றுக்குப் பலகையில் இடமில்லை.

முல்லைத்தீவில் நமக்கும் ஒரு குன்று உண்டு, குருந்தூர்மலை. 2021 சனவரியில் அங்கு தொல்லியல் அகழ்வு தொடங்கியது. ஆதிசிவன் ஐயனாரை வழிபட்டுவந்தோர் ஒருபுறமும், விகாரை எழுப்ப முனைந்தோர் மறுபுறமும் நிற்க, விடயம் முல்லைத்தீவு நீதிமன்றம் வரை சென்றது. பழைய பௌத்த எச்சம் அங்கு இருந்தால் இருக்கட்டும். தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் தமிழர் பௌத்தராயிருந்த காலம் உண்டு. அதனை மறுக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஒரு படையை மட்டும் காட்டி, அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றை மூடுவதே தகாதது. எது எந்த ஆழத்திற் கிடைத்தது, எதன்மேல் எது கிடந்தது என்ற விபரங்கள் தமிழிலே அச்சாகிக் குமுளமுனைப் பாடசாலைக்குக் கிடைக்கவேண்டும். அதனைக் கேட்டுப்பெறும் முதல் உரிமை, அறிவியல்நகரிலும் திருநெல்வேலியிலும் இருந்து இதனைப் படிக்கும் நமக்கே உண்டு. வழக்கு முடியும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.